வேன் வாரியாகப் பிரிக்கச் சொன்னது நான்தான்

முதலில் ஒரு வேண்டுகோள். “மேடம், ஏஐ வந்துட்டா நம்ம கிரியேட்டிவிட்டிக்கு வேலை இருக்குமா?” என்ற கேள்வியை இனி யாரும் என்னிடம் கேட்காதீர்கள். நம் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவர்களை உட்காரவைத்து, அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று என்னை வருடாவருடம் கூப்பிடுகிறார்கள். டீ வருவதற்குள் யாராவது ஒருவர் கையைத் தூக்கி இதைக் கேட்டுவிடுகிறார். கேட்கிறவர் முகத்தில் கவலை இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன். பாதிப் பேருக்கு அது பொழுது போக ஒரு பேச்சு. பட்டிமன்றம் மாதிரி இரண்டு பக்கமும் பேசிக் கைதட்டிக்கொண்டு கலைந்துவிடுகிறார்கள். வாயால் சொல்லிச் சொல்லி எனக்குச் சலித்துவிட்டது, அதனால் எழுதியே கொடுக்கிறேன். படித்துவிட்டு ஆளை விடுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விருதுநகரில் இதே கம்பெனியில் முப்பது வருடத்துக்கு மேல் புரோகிராம் எழுதி ஓய்வு பெற்றவள் நான். பெரும்பாலும் சிவகாசி, திருத்தங்கல் பக்கத்து அச்சகங்களுக்கும் பட்டாசு ஆலைகளுக்கும்தான் எழுதினேன். அங்கே எனக்குக் கம்ப்யூட்டர் அக்கா என்று பெயர். கோபக்காரி என்றும் ஒரு பெயர் உண்டு, அதை நான் போன பிறகு சொல்லிக்கொள்வார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் திருத்தங்கலில் ஓர் அச்சகத்துக்கு, எந்த ஆர்டரை எந்த வரிசையில் மெஷினில் ஏற்றுவது என்று பட்டியல் போட்டுத் தரும் புரோகிராம் எழுதினேன். எந்த ஆர்டருக்குக் கெடு முதலில் வருகிறதோ அது முதலில். இதைவிட நியாயமான வரிசை உலகத்தில் உண்டா? இரண்டாம் நாளே மெஷின்மேன் அந்தத் தாளைக் கசக்கி என் மேசையில் போட்டார்.

“ஏம்மா, காலைல கறுப்பு, அப்புறம் மஞ்சள், திரும்பக் கறுப்புன்னு போட்டிருக்கீகளே. நான் அச்சடிக்கவா, ரோலரைக் கழுவிக்கிட்டே உட்கார்ந்திருக்கவா?”

வெளிர் மையை முதலில் ஓட்டிவிட்டு அடர்ந்த மைக்குப் போவது அங்கே வழக்கம். மாற்றிப் போட்டால் ஒவ்வொரு முறையும் ரோலரைத் துடைத்துக் கழுவ வேண்டும். இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று நானும் பதிலுக்கு எகிறினேன். “இதையெல்லாம் ஒருத்தர் சொல்லணுமாக்கும்?” என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

இந்தக் கதையை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. எழுதுவதற்கு முன்னால் போய்ப் பாருங்கள், ஆளைக் கேளுங்கள் என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொல்வேன். அப்படிச் சொன்ன நானேதான் பின்னால் போய்ப் பார்க்காமல், ஆளைக் கேட்காமல் ஒரு காரியத்தைச் செய்தேன். என் எரிச்சல் முழுக்க உங்கள் மேல்தான் என்று நினைத்துவிடாதீர்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு, எம். புதுப்பட்டிப் பக்கத்தில் ஒரு பட்டாசு ஆலையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். பல வருடமாக அந்த ஆலைக்கு வேண்டியதை எழுதிக் கொடுத்தது நான்தான். இப்போது முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்திருந்தார். படித்தவர், மரியாதை தெரிந்தவர், பொறுமை மட்டும் கொஞ்சம் கம்மி.

பட்டாசு ஆலை என்றால் ஒரே பெரிய கட்டடம் இல்லை. தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன ரூம்கள். ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது விதி. காலையில் ஊர் ஊராகப் போன கம்பெனி வேன்கள் ஆட்களைக் கொண்டுவந்து கேட்டில் இறக்கும். எல்லா வேனும் வந்து சேர்ந்த பிறகு, போர்மேன் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு பெயர் பெயராகக் கூப்பிட்டு, நீ இந்த ரூம், நீ அந்த ரூம் என்று அனுப்புவார். அதற்கு முக்கால் மணி நேரம் ஆகும். தீபாவளி சீசனில் தினம் முக்கால் மணி நேரம் ஆட்கள் சும்மா நிற்பது புது முதலாளிக்குப் பொறுக்கவில்லை.

“ரூம் ஒதுக்கறதைக் கம்ப்யூட்டர்ல போட்டுக் கொடுத்துருங்கக்கா. போர்மேனுக்கும் வயசாயிருச்சு. தீபாவளி முடிஞ்சதும் அவரை வீட்டுல இருக்கச் சொல்லிரலாம்” என்றார்.

நீங்கள் உங்கள் வேலை போகுமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்களே, அன்றைக்குப் போக இருந்தது அந்த மனுஷன் வேலை. எனக்கு அது உறைக்கவே இல்லை.

நம் கம்பெனியிலிருந்து சங்கரி என்ற பெண்ணை என்னோடு போட்டார்கள். நல்ல சூட்டிகையான பெண். அவள் ஏஐயிடம் தேவையைச் சொல்லச் சொல்ல அது எழுதிக்கொடுத்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நான் ஒரு வாரம் மண்டையைப் போட்டு உடைக்கிற விஷயத்தை அது ஒரு டம்ளர் காபி குடிக்கிற நேரத்தில் முடித்தது. நன்றாகவும் முடித்தது. அதில் குறை சொல்ல எவ்வளவோ தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. பொறாமையாக இருந்தது என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

இத்தனை வருட அனுபவத்துக்கு நாமும் ஒன்று சொல்ல வேண்டாமா என்று ஒரு யோசனை சொன்னேன். ஒரே வேனில் வருகிறவர்களை ஒரே ரூமில், இடம் போதாவிட்டால் அடுத்த ரூமில் என்று போட்டுவிட்டால், வேன் வர வர ஆட்களை உள்ளே அனுப்பிவிடலாம். மற்ற வேன்களுக்காக யாரும் காத்திருக்க வேண்டாம். முக்கால் மணி நேரம் அஞ்சு நிமிடமாகிவிடும். சங்கரி அதை ஏஐயிடம் அடித்துச் சொன்னதும், ‘மிக அருமையான யோசனை’ என்று எந்திரம் பாராட்டியது. எனக்கு மனசு பூரித்துப்போய்விட்டது. இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டுக் கடைசியில் அது ஒரு கேள்வி கேட்டது. ஒரே அறையில் சேர்ந்து இருக்கக் கூடாதவர்கள் என்று யாராவது உண்டா என்று. சங்கரி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“மேடம், இதுக்கு என்ன போட? ஒரு எட்டுப் போய் போர்மேன்கிட்ட கேட்டுட்டு வந்துரட்டுமா?”

“போக ஒரு பஸ், வர ஒரு பஸ். அரை நாள் போயிரும். எனக்குத் தெரியாத கம்பெனியா அது? அப்படி யாரும் இல்லைன்னு போடு” என்றேன். அவள் அப்படியே போட்டாள்.

ஒதுக்கீட்டுத் தாளை ஆலைக்கு எடுத்துப்போய் முதலில் போர்மேனிடம் காட்டினோம். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “இது சரிப்படாதும்மா” என்றார். ஏன் என்று கேட்டேன். இரண்டு முறை கேட்டேன். நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். வேலை போகிற கடுப்பு என்று முதலாளி சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தோம். கேட்டில் கைபேசியைக் கொடுத்துவிட்டு நானும் சங்கரியும் உள்ளே போனோம். ஆலைக்குள் யாரும் கைபேசி கொண்டுபோகக் கூடாது. அச்செடுத்த தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டியாகிவிட்டது. முதல் வேன் வந்தது, பெயரைப் பார்த்தார்கள், நடந்தார்கள். அடுத்த வேன், அதற்கடுத்த வேன். எனக்கு உள்ளூர ஒரே பெருமை. சொன்னபடி அஞ்சே நிமிடத்தில் கேட்டில் கூட்டமே இல்லை.

பத்து நிமிடம் கழித்து மேனேஜர் ஓடிவந்தார்.

“அக்கா, ஆளுக உள்ள போக மாட்டேங்காக. ரூம் வாசல்லயே நிக்காக.”

போய்ப் பார்த்தேன். பதினாலாம் நம்பர் ரூம், வெடிமருந்து நிரப்புகிற ரூம். உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் மாரியம்மாள் நின்றிருந்தாள். அந்த ஆலையில் பல வருடமாக வேலை பார்ப்பவள், வருகிற போதெல்லாம் என்னிடம் சிரித்துப் பேசுகிறவள். அன்றைக்குச் சிரிக்கவில்லை. அடுத்த வரிசையில் வேறு இரண்டு ரூம் வாசல்களிலும் அதேபோல் ஒவ்வொருத்தர் நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை, சண்டை பிடிக்கவில்லை. சும்மா நின்றார்கள்.

மேனேஜர்தான் கத்தினார். “சீசன் நேரத்துல என்ன விளையாட்டு இது? லாரிக்காரன் லோடுக்கு நிக்கான். உள்ள போறியா, வீட்டுக்குப் போறியா?”

“வீட்டுக்கே போறேன். லீவு போட்டுக்கிடுங்க” என்றாள் மாரியம்மாள்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “அக்கா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாக.”

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறைத்துப் பிரயோசனமில்லை. “கம்ப்யூட்டர் யோசிச்சுத்தான் போட்டிருக்கு, மாரியம்மா. அதெல்லாம் தப்பா வராது. போ, போய் உட்காரு.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ரூமுக்குள் பார்த்தாள். உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்தவர் அவள் புருஷன் கருப்பசாமி. குனிந்த தலையை அவர் நிமிர்த்தவே இல்லை.

“சாயங்காலம் பிள்ளைக்கு ஒரு ஆளாவது வீட்டுக்குப் போகணும்லக்கா” என்றாள்.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது, மருந்து ரூமில் ஒன்று நடந்தால் உள்ளே இருக்கிற நாலு பேரில் ஒருத்தரும் மிஞ்ச மாட்டார்கள். புருஷன், பொண்டாட்டி, ஒரே ஊர், ஒரே வேன். வேன் வாரியாகப் பிரித்தால் ஒரே ரூமில்தான் வந்து விழுவார்கள். அடுத்த வரிசைக்குப் போய்க் கேட்டேன். மற்ற இரண்டு வாசல்களில் ஒருத்தியின் அக்கா உள்ளே, இன்னொருத்தியின் மகள் உள்ளே. போர்மேன் கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். அவரிடம் ஓடினேன்.

“நோட்டுல இவுகளை எல்லாம் வேற வேற ரூம்ல போட்டிருந்தீகளா?”

“ஆமா.”

“அன்னைக்கே ஏன் சொல்லலை? ரெண்டு தடவை கேட்டேனே!”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “கேட்டுக்குள்ள நின்னுக்கிட்டு அந்தப் பேச்சை எப்படிம்மா வாயில எடுக்க?”

ஒரு வீட்டு ஆட்களை ஒரே ரூமில் உட்காரவைக்க மாட்டார் அவர். அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தானாம். எல்லா ஆலையிலும் இந்த வழக்கம் உண்டா என்று எனக்குத் தெரியாது. இங்கே இருந்தது. எந்த விதியிலும் எழுதப்படவில்லை, ஏனென்றால் எழுதுவதற்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தை ஆலைக்குள் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள், சொன்னால் நடந்துவிடும் என்று பயம். இத்தனை வருடம் நான் வந்துபோயும் எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நான் வந்ததெல்லாம் ஆபீஸ் ரூமுக்கு.

மேனேஜர் பின்னாலேயே வந்து அவசரப்படுத்தினார். முதலாளியிடம் நான்தான் அஞ்சு நிமிடம் என்று வாக்குக் கொடுத்தவள். அந்த மூன்று பேரை மட்டும் இடம் மாற்றிவிட்டு மிச்சத்தை ஓட்டலாமே என்று என் புத்தி ஒரு நொடி கணக்குப் போட்டது. நிற்கிறவர்கள் மூன்று பேர் சரி, மேனேஜர் கத்தலுக்குப் பயந்து நிற்காமல் உள்ளே போய் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேரோ? அது எனக்கும் தெரியாது, மேனேஜருக்கும் தெரியாது. அந்த நோட்டைப் பிடித்திருந்த ஆளுக்குத்தான் தெரியும்.

“எல்லாரையும் வெளிய கூப்பிடுங்க. இன்னைக்கு நோட்டுப்படிதான்” என்றேன்.

“முதலாளி கேட்டா?”

“நான் சொல்லிக்கிடுறேன்.”

பலகையிலிருந்து தாளை நானே கிழித்தேன். போர்மேன் நோட்டைப் பிரித்துப் பெயர் கூப்பிட ஆரம்பித்தார். அன்றைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆகட்டும்.

ஆபீஸில் என்னையும் போர்மேனையும் உட்காரவைத்து முதலாளி கொதித்தார். “ரூமுக்கு நாலு பேருங்கறதுதானேக்கா விதி? அது சரியாத்தானே இருக்கு? நம்ம கம்பெனில இதுவரைக்கும் ஒன்னும் நடந்ததில்லையே” என்றார். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் போர்மேன் நாற்காலியை விட்டு எழுந்து வெளியே போய்விட்டார். முதலாளிக்கு அப்போதுதான் தாம் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. “சரி, மாத்திக் கொடுங்க” என்றார்.

சங்கரி வாயைத் திறந்து ‘நான் அன்றைக்கே கேட்டேனே மேடம்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் அவள் ஏஐயிடம் நடந்ததைச் சொன்னாள். அது உடனே மாற்றி எழுதிவிட்டது, கூடவே கேள்விகளும் வந்தன. கணவன் மனைவி மட்டுமா? உடன்பிறந்தவர்கள்? வெவ்வேறு வீட்டில் இருந்தாலும் ஒரே குழந்தையை வளர்ப்பவர்கள் உண்டா? படுக்கையில் கிடக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்கள்? எனக்கு ஆத்திரமாக வந்தது. எனக்குத் தோன்றாத கேள்விகள். இந்த முறை சங்கரி என்னைப் பார்க்கவில்லை. கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு பஸ் ஏறிப் போனாள். கேட்டுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போர்மேன் ஒவ்வொரு பெயராகச் சொன்னாராம். அண்ணன் தம்பி இரண்டு பேர், தாயைப் பார்க்க வேறு நாதி இல்லை. நாத்தனாரும் மதினியும், ஒரே பிள்ளைக்கு இரண்டு பேரும் காவல். கேட்டுக்கு வெளியே என்பதால் அவரால் பேச முடிந்தது. என்னிடம் ஏன் பேசவில்லை என்றால், நான் அவரை அங்கே வைத்துக் கேட்கவில்லை.

கடைசியில் ஒரு சின்ன வேலை பாக்கி. இந்த விவரத்தைப் பதிகிற கட்டத்துக்குத் திரையில் ஒரு தலைப்பு வேண்டும். எந்திரம் ‘ஆபத்துப் பகிர்வுக் குழு’ என்று வைத்திருந்தது. அதே டீக்கடைக்கு நானும் சங்கரியும் லேப்டாப்பைக் கொண்டுபோய்க் காட்டினோம், போர்மேன் பார்த்துவிட்டு அந்த எழுத்தை உள்ளங்கையால் மூடினார்.

“இந்தப் பேரோட இது கேட்டுக்குள்ள வரக் கூடாதும்மா.”

‘குடும்பம்’ என்று வைக்கலாமே என்றேன் நான். நாத்தனாரும் மதினியும் வேறு வேறு வீடு என்று சங்கரி சொன்னாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு இருந்ததை அழித்துவிட்டுச் ‘சாயங்காலம்’ என்று அடித்தாள். போர்மேன் அதை இரண்டு தடவை வாசித்தார். “இது இருக்கட்டும்” என்றார்.

உடனே கையைத் தூக்காதீர்கள். பார்த்தீர்களா, இதுதான் மனிதப் படைப்பாற்றல், இது எந்திரத்துக்கு வராது என்று நான் சொல்லப்போவதில்லை. நாளைக்கு அதுவும் இதைவிட நல்ல பெயராகச் சொல்லும், சொல்லட்டும். என் கதையில் படைப்பாற்றல் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்று இருந்தது என்றால் அது வேன் வாரியாகப் பிரித்த என் யோசனை. அது என்ன செய்யப் பார்த்தது என்று படித்துவிட்டீர்கள். எந்திரம் சரியான கேள்வியைக் கேட்டது. சங்கரி சரியான ஆளிடம் போகலாமா என்றாள். பஸ் ஏறச் சோம்பேறித்தனப்பட்டது நான். உங்களிடம் அது இந்த மாதிரிக் கேள்வி கேட்கிறபோது, நீங்கள் ‘இல்லை’ என்று தட்டிவிட்டு அடுத்ததற்குப் போவதை இங்கே வருகிறபோதெல்லாம் நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எரிச்சல் வருமா வராதா?

அடுத்த திங்கட்கிழமை புதிய ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. மாரியம்மாளுக்கு ஒன்பதாம் நம்பர் ரூம், கருப்பசாமிக்கு இருபத்தேழு. காலையிலேயே எல்லாம் சரியாக நடந்துவிட்டது, நான் கிளம்பியிருக்கலாம். மனசு வரவில்லை. சாயங்காலம் வரை ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

வேலை முடிந்து ஆட்கள் வரிசையாக வந்தார்கள். மாரியம்மாள் தூக்குச்சட்டியோடு வந்து வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கருப்பசாமி வந்தார், அதே வேனில் ஏறினார். போர்மேன் நோட்டோடு கேட்டில் நின்று ஒவ்வொரு வேனாக எட்டிப் பார்த்து டிக் அடித்தார். நான் வந்த நாளெல்லாம் சாயங்காலம் அவர் அப்படி நிற்பதை வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். யாராவது சரக்கை எடுத்துப் போகிறார்களா என்று பார்க்கிறார் என்றே நினைத்திருந்தேன்; அவர் எண்ணியது வீட்டுக்குத் திரும்புகிற ஆட்களை.

அவரை வீட்டில் இருக்கச் சொல்லும் பேச்சு அதன்பிறகு வரவில்லை. கடைசி வேன் ரோட்டில் ஏறித் திரும்பிய பிறகுதான் அவர் நோட்டை மூடினார். நானும் அதற்கப்புறம்தான் கேட்டில் என் கைபேசியை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.